ரேடார் அமைத்த வாட்சன்-வாட்

விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கும்போது நம்மில் பலருக்கு ஒரு மயக்கம் உண்டாகிறது. மேதை ஒருவர் தனியே அமர்ந்து சிந்திக்கிறார். திடீரென்று உண்மை பளிச்சிடுகிறது. குறையே இல்லாத கருவி ஒன்று பிறந்துவிடுகிறது என்று எண்ணிக்கொள்கிறோம். எஞ்சினியரிங் மாணவனாகிய நான், அந்த மயக்கத்தைத் தெளிவிக்கும் வரலாறு ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். குறையுள்ளது என்று தெரிந்தே ஒரு கருவியை அமைத்து, அதன் குறைகள் இன்னவை என்று அறிந்தே தம் நாட்டின் கையில் கொடுத்து, அதனாலேயே புகழ் பெற்ற ஒருவருடைய வரலாறு அது. அவர் பெயர் ராபர்ட் வாட்சன்-வாட். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தொலைவில் வரும் ஆகாய விமானத்தை ரேடியோ அலைகளால் கண்டறியும் ரேடார் காவலைப் பிரிட்டனுக்கு அமைத்துத் தந்தவர் அவர்.

வாட்சன்-வாட் 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி ஸ்காட்லாந்திலுள்ள பிரெக்கின் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சுத் தொழில் செய்தவர். நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் வழிவந்தவர் தாம் என்று இவர் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. உபகாரச் சம்பளம் பெற்று, டண்டீ நகரத்து யூனிவர்சிட்டி காலேஜில் எஞ்சினியரிங் பயின்று, 1912இல் பட்டம் பெற்றார். அங்கே பௌதிகப் பேராசிரியராக விளங்கிய வில்லியம் பெடி இவரைத் தம் உதவியாளராக வைத்துக்கொண்டார். அக்காலத்தில் வளரத் தொடங்கியிருந்த கம்பியில்லாத் தந்தியின் பக்கம் இவருடைய மனத்தைத் திருப்பியவரும் அவரே.

முதல் உலக மகாயுத்தம் மூண்டது. 1915இல் வாட்சன்-வாட் பிரிட்டிஷ் வானிலை இலாகாவில் சேர்ந்தார். அன்றைய விமானங்கள் மரச் சட்டமும் துணியுமாக இருந்தவை. இடிமழைக்குள் அகப்பட்டால் தப்புவது அரிது. புயல் எத்திசையில் இருக்கிறது என்று முன்னமே அறிந்து விமானிகளுக்குச் சொல்ல வேண்டும். இதுதான் இவருக்குக் கிடைத்த வேலை. மின்னல் ஒவ்வொன்றும் ரேடியோ அலைகளை எழுப்புகிறது. அந்த அலை எத்திசையிலிருந்து வருகிறது என்று கண்டால், புயல் இருக்கும் திசை தெரிந்துவிடும்.

சொல்வது எளிது. அலை வரும் திசையைக் காண ஏரியலைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் மின்னலின் அலையோ கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும். ஏரியலைத் திருப்புவதற்குள் பிடிக்க ஒன்றும் இராது. ஆகவே ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு ஏரியல்களை அசையாமல் நிறுத்தினார். இரண்டிலும் வரும் மின்சாரத்தைக் கேதோடு கதிர்க் குழாயின் இரு ஜோடித் தகடுகளுக்குச் செலுத்தினார். குழாயின் திரையில் ஓர் ஒளிக்கோடு தோன்றியது. அந்தக் கோட்டின் சாய்வே புயலின் திசை. 1920களில் இவரும் இவருடைய துணைவர்களும் முடித்த இவ்வேலை, பிற்காலத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் அனுப்பும் செய்திகளின் திசையைக் காணவும் உதவியது. ஓடி மறையும் பொருளைப் பிடிக்க வேண்டுமானால், கருவி தேடி அலைந்துகொண்டிருக்கக் கூடாது. எல்லாத் திசைக்கும் எப்போதும் விழித்திருக்க வேண்டும். இந்தப் பாடம் இவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது என்றே நான் கருதுகிறேன்.

1927இல் ஸ்லௌ நகரை அடுத்திருந்த ரேடியோ ஆராய்ச்சி நிலையத்துக்கு வாட்சன்-வாட் தலைவரானார். அங்கே அவர் அமைதியாகவே இருந்திருக்கக் கூடும். காலம் விடவில்லை.

1930களின் தொடக்கத்தில் பிரிட்டனை ஓர் அச்சம் பற்றிக்கொண்டது. குண்டு வீசும் விமானங்களின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. பகைவனின் விமானம் வருவதை அறிய அவர்களிடம் இருந்தவை தொலைநோக்கிகளும், கென்ட் கடற்கரையில் கட்டப்பட்ட பிரம்மாண்டமான கான்கிரீட் ஒலிக் கண்ணாடிகளும்தாம். அக்கண்ணாடிகள் எஞ்சினின் ஓசையைக் குவித்துக் காட்டும். ஆனால் ஓசை மெதுவாக வரும். விமானமோ விரைந்து வரும். எச்சரிக்கை கிடைத்துச் சண்டை விமானங்கள் மேலே ஏறுவதற்குள் குண்டு விழுந்துவிடும். சண்டை விமானங்களை ஓயாமல் வானத்திலேயே காவல் சுற்றவிடலாம் என்றால், அதற்கு எந்தச் சர்க்காரிடமும் போதிய விமானமும் இல்லை, பெட்ரோலும் இல்லை.

இதற்கு வழி காண ஹென்றி டிசார்டு என்னும் விஞ்ஞானியின் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. அப்போது பத்திரிகைகளில் சாவுக் கதிர் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. சற்றுத் தொலைவிலிருந்தே ஓர் ஆட்டைக் கதிரால் கொல்லும் கருவியைச் செய்து காட்டுபவருக்கு 1,000 பவுன் பரிசு என்றுகூட விமான இலாகா அறிவித்திருந்தது. ரேடியோ அலையால் விமானியை வீழ்த்த முடியுமா என்று வாட்சன்-வாட்டிடம் கேட்டார்கள். அவர் தம் உதவியாளர் அர்னால்டு வில்கின்ஸிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். 5 கிலோமீட்டர் தொலைவிலும் 1 கிலோமீட்டர் உயரத்திலும் இருக்கும் 8 பைண்ட் தண்ணீரை 98 டிகிரியிலிருந்து 105 டிகிரி பாரன்ஹீட்டுக்குச் சூடாக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்பதே கணக்கு. 8 பைண்ட் என்பது ஒரு மனிதனின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு. 105 டிகிரி என்பது கொடிய காய்ச்சல். கேள்வியின் உட்பொருளை வில்கின்ஸ் உடனே புரிந்துகொண்டார். அவ்வளவு சக்தி உலகில் எந்த டிரான்ஸ்மிட்டருக்கும் இல்லை என்று விடை வந்தது.

சாவுக் கதிர் அன்றே செத்தது. ஆனால் வில்கின்ஸ் வேறொன்றை நினைவூட்டினார். பக்கத்தில் விமானம் பறந்தால் தங்கள் ரேடியோ அலைகள் தடுமாறுவதாகத் தபால் இலாகா எஞ்சினியர்கள் முன்னமே குறித்திருந்தார்கள். விமானத்தைச் சுட முடியாது, காண முடியுமே! இருவரும் மீண்டும் கணக்குப் போட்டார்கள். 1935 பிப்ரவரியில் விமானங்களை ரேடியோ முறையால் கண்டு இடம் குறிப்பது பற்றிய புகழ்பெற்ற குறிப்பை வாட்சன்-வாட் கமிட்டிக்கு அனுப்பினார்.

காகிதக் கணக்கை நம்பிப் பணம் கொடுக்க டௌடிங் என்னும் விமானப்படைத் தலைவர் சம்மதிக்கவில்லை. கண்ணால் காண வேண்டும் என்றார். 1935 பிப்ரவரி 26ஆம் தேதி காலை, டேவென்ட்ரியிலிருந்த பி.பி.சி.யின் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் வழக்கம்போல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. சில மைல் தள்ளி ஒரு வண்டிக்குள் வில்கின்ஸ் ஒரு ரிசீவரை அமைத்திருந்தார். ஹேஃபோர்டு என்னும் குண்டுவீச்சு விமானம் மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பறந்தது. திரையிலிருந்த ஒளிக்கோடு நீண்டு சுருங்கி அசைந்தது. 8 மைல் வரை விமானம் தெரிந்தது. அன்று காட்டப்பட்டது விமானம் உண்டு என்பது மட்டுமே. எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பவை தெரியவில்லை. ஆனாலும் டௌடிங்கின் ஐயம் தீர்ந்தது, பணம் வந்தது.

இனித்தான் இவருடைய வாழ்க்கையின் முக்கியமான பகுதி. வேண்டியவை பல. கருவி நெடுந்தூரம் பார்க்க வேண்டும். திசையைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். உயரத்தைக் காட்ட வேண்டும். தாழப் பறப்பதையும் விடக் கூடாது. நம் விமானத்தையும் பகைவன் விமானத்தையும் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யுத்தம் வருவதற்குள் தயாராக வேண்டும். இவற்றில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். எதைக் கைவிடுவது?

முதலில் அலை நீளத்தைப் பார்ப்போம். அலை குறுகியதானால் சிறிய ஏரியலிலிருந்தே கூர்மையான கற்றையாக அனுப்பலாம். திசை துல்லியமாகத் தெரியும். ஆனால் மிகக் குறுகிய அலைகளை வேண்டிய பலத்தோடு எழுப்பும் வால்வுகள் 1935இல் கிடையா. நீண்ட அலைகளுக்கு வேண்டிய வால்வுகளோ அன்றைய சிற்றலை நிலையங்களின் பழக்கத்தில் இருந்தவை. குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை அகலம் சுமார் 25 மீட்டர். அதைப் போல் இரு மடங்கு, அதாவது 50 மீட்டர் அலை, நன்கு எதிரொலிக்கும் என்று வாட்சன்-வாட் முதலில் கருதினார். அந்த அலைகளில் வேறு நிலையங்களின் குறுக்கீடு மிகுதியாக இருந்ததால் 26 மீட்டருக்கும், பிறகு சுமார் 13 மீட்டருக்கும் இறங்கி வந்தார். அதற்கும் கீழே அவர் காத்திருக்கவில்லை.

நீண்ட அலையைக் கூர்மையாக்கிச் சுழற்ற மலைபோன்ற ஏரியல் வேண்டும். ஆகவே அவர் சுழற்றவே இல்லை. டார்ச் விளக்கு கூர்மையாக ஓரிடத்தைக் காட்டும். அது திரும்பிய பக்கம் மட்டுமே தெரியும். பெட்ரோமாக்ஸ் விளக்கு மங்கலானாலும் முற்றம் முழுவதும் ஒளி பரப்பும். வாட்சன்-வாட் பெட்ரோமாக்ஸைத் தேர்ந்தெடுத்தார். 360 அடி உயர எஃகுக் கோபுரங்கள் கடலை நோக்கி ரேடியோ ஒளியை அகலப் பாய்ச்சின. 240 அடி உயர மரக் கோபுரங்களில் இருந்த ஏரியல்கள் எதிரொலியை வாங்கின. பழைய மின்னல் கருவியைப் போலவே, ஒன்றுக்கொன்று குறுக்கான ஏரியல்களை ஒப்பிட்டுத் திசையைக் கண்டார்கள். திசை சுமாராகத்தான் கிடைத்தது.

தூரத்தில் மட்டும் குறையில்லை. அலையை இடைவிடாமல் அனுப்பாமல் சிறு சிறு துடிப்புகளாக அனுப்பினார்கள். ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு மைக்ரோ விநாடி. எதிரொலி வர ஒரு மைக்ரோ விநாடி தாமதமானால் பொருள் 150 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது கணக்கு. இதிலும் ஒரு பேரம் உண்டு. துடிப்பு நீண்டால் அதில் சக்தி மிகும், நெடுந்தூரம் எட்டும். ஆனால் அடுத்தடுத்து வரும் இரண்டு விமானங்கள் ஒன்றாகத் தெரியும். 20 மைக்ரோ விநாடித் துடிப்பு என்றால் 3 கிலோமீட்டருக்குள் வரும் விமானங்கள் ஒரே எதிரொலியாக ஒட்டிக்கொள்ளும். துடிப்புகளை அடிக்கடி அனுப்பினாலோ, வானத்தின் மின் அடுக்குகளில் மோதி வெகு தூரத்திலிருந்து வரும் பழைய எதிரொலிகள் புதியவற்றோடு கலந்துவிடும். அதனால் விநாடிக்கு 25 துடிப்புகள் மட்டுமே அனுப்பினார்கள். அவற்றையும் நாட்டின் பொது மின்சாரத்தின் தாளத்தோடு இணைத்து, ஒரு நிலையம் இன்னொன்றின் காதைச் செவிடாக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

1935 மே மாதத்தில் ஆர்ஃபர்ட்னஸ் என்னும் தனித்த கடற்கரையில் ஒரு சிறு குழு வேலை தொடங்கியது. ஜூன் 17ஆம் தேதி 17 மைலில் விமானம் தெரிந்தது. ஆண்டு முடிவதற்குள் 60 மைல் எட்டினார்கள். மறு ஆண்டு பாட்ஸி என்னும் மாளிகைக்குக் குழு இடம் மாறிற்று. வாட்சன்-வாட் அதற்குத் தலைவர். 1939இல் யுத்தம் மூண்டபோது பிரிட்டனின் கிழக்கு, தெற்குக் கரைகளில் சுமார் 20 நிலையங்கள் சங்கிலிபோல் நின்றன.

இந்த வேகத்தின் இரகசியம் என்ன? வாட்சன்-வாட் ஒரு கொள்கையைத் தம் உடனுழைப்பவர்களுக்கு ஓயாமல் போதித்தார். மிகச் சிறந்தது ஒருபோதும் வந்து சேராது. இரண்டாவது சிறந்தது நேரம் கடந்த பிறகே வரும். ஆகவே மூன்றாவதைக் கொடுத்து வேலையைத் தொடங்குங்கள் என்பது அதன் கருத்து. சோம்பேறியின் சமாதானம் போலத் தோன்றுகிறது அல்லவா? அப்படியன்று. 10 சென்டிமீட்டர் அலையைப் பெரும் பலத்தோடு எழுப்பும் மேக்னெட்ரான் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மேஜையில் முதன்முதலாக இயங்கியது 1940 பிப்ரவரியில். அதற்காகக் காத்திருந்தால், அவ்வாண்டுக் கோடையில் ஜெர்மன் விமானங்கள் கூட்டங்கூட்டமாக வந்தபோது பிரிட்டன் கண்ணின்றி நின்றிருக்கும்.

மூன்றாவதை ஏற்றுக்கொண்டதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதையும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். விட்ட குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை தேடப்பட்டது. பெரிய கோபுரங்கள் தாழப் பறக்கும் விமானங்களைத் தவறவிட்டன; அவற்றுக்கென்று 1.5 மீட்டர் அலையில் வேறு நிலையங்கள் எழுந்தன. கோபுரங்கள் கடலையே பார்த்தன. கரை கடந்து உள்ளே வந்த விமானத்தைத் தொலைநோக்கி ஏந்திய தொண்டர்கள் கண்ணாலும் காதாலும் தொடர்ந்தார்கள். பல நிலையங்களிலிருந்து வந்த முரண்பட்ட தகவல்களை லண்டனை அடுத்த பென்ட்லி பிரையரியில் ஓர் அறையில் சலித்துப் பார்த்து, ஒரே படமாக்கிச் சண்டை விமானங்களுக்கு அனுப்பினார்கள். அந்த ஏற்பாடு டௌடிங்கின் சாதனை. திரையைப் படிக்கும் வேலையைப் பெண்களால் நன்கு செய்ய முடியும் என்று தொடக்கத்திலேயே வாதாடியவர் வாட்சன்-வாட். குண்டு விழும்போதும் அப்பெண்கள் இடத்தை விட்டு அசையாமல் தூரம் சொன்னார்கள்.

ஜெர்மனியிலும் ரேடார் இருந்தது. 2.4 மீட்டர் அலையில் இயங்கிய அவர்களுடைய ஃப்ரேயா கருவி, பிரிட்டிஷ் கோபுரங்களைவிட நுட்பமானது. ஆனால் கருவி கண்டதை உடனுக்குடன் விமானிக்குச் சேர்க்கும் ஏற்பாட்டில் 1940இல் பிரிட்டனே முந்தி நின்றது. நுட்பமான கருவி வேறு. பயன்படும் அமைப்பு வேறு.

கைவிட்ட குணத்துக்கு விலை கொடுக்காமலும் இல்லை. திரையில் நண்பனும் பகைவனும் ஒரே மாதிரி எதிரொலியாகத்தான் தெரிவார்கள். இதை வாட்சன்-வாட் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார். தன் விமானம் தானே அடையாளம் சொல்லும்படி ஒரு சிறு கருவியை அதில் பொருத்தலாம் என்றும் யோசித்தார். அது எல்லா விமானங்களுக்கும் வந்து சேர்வதற்குள் யுத்தம் வந்துவிட்டது. 1939 செப்டம்பர் 6ஆம் தேதி, யுத்தம் அறிவித்த மூன்றாம் நாள், பகைவர் என்று தவறாகக் கருதப்பட்ட இரண்டு பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானங்களைப் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்களே சுட்டு வீழ்த்தின. ஓர் இளம் விமானி இறந்தார். எதை முதலில் முடிப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று எஞ்சினியர் காகிதத்தில் இடும் வரிசையில் மனித உயிர்கள் தொங்குகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1941இல் வாட்சன்-வாட் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். 1942இல் சர் பட்டம் பெற்றார். தம் பெயரை இணைப்புக் குறியிட்டு வாட்சன்-வாட் என்று எழுதத் தொடங்கியதும் அப்போதுதான். யுத்தத்துக்குப் பின் சர்க்கார் இவருக்குச் சுமார் 50,000 பவுன் வெகுமதி அளித்தது. இவருடைய குறைகளையும் மறைக்க வேண்டுவதில்லை. பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்த மாட்டார். புகழில் பெரும் பங்கு இவருக்கே போயிற்று. முதற் கணக்கைப் போட்டு, முதல் ரிசீவரை அமைத்த வில்கின்ஸின் பெயரை உலகம் அதிகம் அறியவில்லை. ரேடாரின் தந்தை என்று இவரை அழைப்பதும் முழு உண்மையன்று. 1904ஆம் ஆண்டிலேயே ஹுல்ஸ்மேயர் என்னும் ஜெர்மானியர் ரேடியோ எதிரொலியால் கப்பலைக் கண்டு காட்டியிருக்கிறார். உரிய காலத்தில், உரிய இடத்தில், ஒரு நாடு முழுவதற்கும் பயன்படும்படி ரேடாரை அமைத்தவர் என்பதே இவருக்குப் பொருந்தும் புகழ்.

பிற்காலத்தில் இவர் சில ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்தார். அங்கே காரை வேகமாக ஓட்டியதற்காகப் போலீஸார் இவரைப் பிடித்து அபராதம் விதித்தார்கள். வேகத்தைக் காட்டிக்கொடுத்தது ரேடார்! இவர் அதை எண்ணிச் சிரித்து, தம்மையே கேலி செய்து ஒரு பாட்டும் எழுதினார். 1966இல், பிரிட்டிஷ் பெண்கள் விமானப்படையின் முதல் தலைவியாக இருந்த ட்ரெஃபூசிஸ்-ஃபோர்ப்ஸ் அம்மையாரை மணந்தார். 1973 டிசம்பர் 5ஆம் தேதி, தம் 81ஆம் வயதில், ஸ்காட்லாந்தில் காலமானார். 2014இல் பிரெக்கின் நகரம் தன் மைந்தருக்குச் சிலை எடுத்தது.

அவர் போட்ட பேரம் அவரோடு முடியவில்லை. 1996 நவம்பர் 12ஆம் தேதி, தில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியின் மேல் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டார்கள். தரையிறங்க வந்த விமானம் தனக்குக் குறித்த உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்போது தில்லியில் பயன்பட்ட ரேடார் தூரத்தையும் திசையையும் காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. விமானம் தானே தன் அடையாளத்தையும் உயரத்தையும் சொல்லும் இரண்டாம் வகை ரேடார் அங்கே இயங்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அந்த இரண்டாம் வகையிலும் குறை உண்டு. விமானத்திலுள்ள கருவி பேசினால்தான் அது கேட்கும். 2014 மார்ச் 8ஆம் தேதி, 239 பேருடன் சென்ற மலேசிய விமானத்தில் அக்கருவி மௌனமாயிற்று. அதன் பின் விமானம் போன வழியில் ஒரு பகுதியைச் சொன்னது, விமானத்தின் ஒத்துழைப்பை வேண்டாத பழைய வகை இராணுவ ரேடாரே. அந்த விபத்துக்குப் பிறகு, கடலின் மேல் செல்லும் பெரிய விமானங்கள் 15 நிமிஷத்துக்கு ஒரு முறையேனும் இருக்குமிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற சர்வதேச விதி 2018இல் நடைமுறைக்கு வந்தது. 15 நிமிஷத்தில் ஒரு ஜெட் விமானம் 200 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ஒரு நிமிஷத்துக்கு ஒரு முறை ஏன் கூடாது என்றால், செலவு குறுக்கே நிற்கிறது. ஆபத்தில் சிக்கிய விமானத்துக்கு மட்டும் ஒரு நிமிஷக் கணக்கை வைத்திருக்கிறார்கள். வாட்சன்-வாட் இருந்திருந்தால் இந்த வாதத்தை உடனே புரிந்துகொண்டிருப்பார்.

திருவள்ளுவர் வலியறிதல், காலம் அறிதல், இடன் அறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். தம் வால்வின் வலிமையை அறிந்து, யுத்தம் வரும் காலத்தை அறிந்து, காக்க வேண்டிய கரையை அறிந்து செயலாற்றிய வாட்சன்-வாட்டின் வாழ்க்கையை அம்மூன்றுக்கும் உரையாகக் கொள்ளலாம். நாளை நம்மில் சிலர் விமான நிலையங்களிலும் தொழிற்கூடங்களிலும் இத்தகைய கருவிகளை அமைக்கப் போகிறோம். குறைவில்லாக் கருவி நம் கையிலும் அமையப் போவதில்லை. எந்தக் குறையை ஏற்றுக்கொண்டோம், அதற்குத் துணையாக எதை நிறுத்தினோம், அந்தத் துணை வந்து சேரும் வரை யாருடைய உயிர் அதில் தொங்குகிறது என்ற மூன்று கேள்விகளையும் வேலை தொடங்கும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்வோம்.